விலை கேட்கும் மாயம்

பனைமரத்துக்குக் கேரளத்துப் பழங்கதைகளில் ஓர் அவப்பெயர் உண்டு. அதில் யட்சி குடியிருப்பாள். கொட்டாரத்தில் சங்குண்ணியின் ‘ஐதிஹ்யமாலா’ 1909ஆம் ஆண்டு முதல் எட்டுத் தொகுதிகளாக வெளிவந்த நூல். அதிலுள்ள ஒரு கதையில், திருச்சூர் பூரம் காணப் புறப்பட்ட இருவர், இரவில் வழியிற் சந்தித்த அழகிய பெண்களின் மாளிகையில் தங்குகின்றனர். அவர்கள் மாளிகை என்று கண்டது பனைமரம். பொழுது விடிகையில் ஒருவர் பனையுச்சியில் உயிரோடு இருக்கிறார். அவர் கையில் தேவி மாகாத்மியச் சுவடி இருந்தது. மற்றவரில் எஞ்சியவை சில எச்சங்கள் மட்டுமே. இறந்தவரின் மகன் வளர்ந்து, யட்சியிடம் பழிதீர்க்கப் புறப்படுகிறான்.

மாயமும் வியப்பும் நிறைந்த இத்தகைய கதைகளை இப்போது மிகுபுனைவு என்கின்றனர். அவற்றைச் சிறுவர்க்குரியவை என்று ஒதுக்கும் பழக்கம் நம்மிடம் இன்னும் போகவில்லை. பனைகள் சூழ்ந்த மீனாட்சிபுரத்தில் தமிழும் மலையாளமும் படித்து வளர்ந்த எனக்கு அந்தப் பழக்கம் புரிவதில்லை. சில பக்கங்களே வரும் யட்சி கதையில் ஒரு முழு நாவலுக்குரிய ஒழுங்கு இருக்கிறது: மாயத்துக்கு ஒரு விதி உண்டு, அதை நெருங்குவதற்கு ஒரு விலை உண்டு, அந்த விலை அடுத்த தலைமுறையையும் தொடர்கிறது. மிகுபுனைவு நாவல் எதை எடுத்தாலும் நான் முதலில் தேடுவது இந்த விலையைத்தான்.

டால்கீனின் ‘லார்ட் ஆஃப் த ரிங்ஸ்’ (1954-55) என்னைக் கவர்ந்தது அதன் போர்களால் அன்று. உலகைக் காத்துத் திரும்பிய ஃப்ரோடோவால் தன் சொந்த ஊரில் நிம்மதியாக வாழ இயலவில்லை. ஆறாத காயத்தோடு கப்பலேறிப் போய்விடுகிறான். அந்த முடிவு இல்லையேல் நூலின் மற்ற பகுதிகள் அத்தனை கனம் பெற்றிருக்கமாட்டா.

ஹாரி பாட்டர் வரிசையில் எனக்கு விருப்பும் கசப்பும் சம அளவில் உண்டு. விருப்பம், வங்கி நடத்தும் காப்லின்களைப் பற்றியது. ஏழாம் நூலில் (2007) அவர்களது உடைமைக் கொள்கை விளக்கப்படுகிறது. ஒரு பொருள் அதைச் செய்தவனுக்கே சொந்தம். விலை கொடுத்தவன் தன் ஆயுட்காலம்வரை அதை வாடகைக்கு எடுத்தவன் மட்டுமே. அவன் இறந்தபின் பிள்ளைகள் வைத்துக்கொள்வது திருட்டு. ஒரு வாளைப் பற்றிய வழக்கில் இரு தரப்பும் தத்தம் நியாயத்தோடு நிற்பதை வங்கி வாடிக்கையாளர் எவரும் இருமுறை படிப்பர். கசப்பு, மூன்றாம் நூலில் (1999) வரும் காலத்தைத் திருப்பும் கருவியைப் பற்றியது. கூடுதல் வகுப்புகளுக்குச் செல்வதற்காகப் பதின்மூன்று வயதுப் பெண்ணிடம் அது கொடுக்கப்படுகிறது, உயிர்களையும் மீட்கிறது. அப்படியாயின் பின்னால் நிகழும் சாவுகளை ஏன் தடுக்கவில்லை என்று வாசகர் கேட்பார் அல்லவா? ஐந்தாம் நூலில் அக்கருவிகள் இருந்த அலமாரியை நொறுக்கி, ஆசிரியர் கணக்கை முடித்துவிடுகிறார். அது விடையாகாது.

ஜார்ஜ் மார்ட்டினைப் பற்றி ஒரு வாக்கியம் போதும்: கடனைத் திரும்பப் பெறாமல் விடாத ‘இரும்பு வங்கி’யைப் படைத்தவர், 2011இல் ஐந்தாம் நூலைத் தந்தபின், வாசகருக்குத் தர வேண்டிய எஞ்சிய இரண்டையும் இன்றுவரை நிலுவையில் வைத்திருக்கிறார்.

என்னைப் பெரிதும் ஏமாற்றியது, நிதித்துறையில் பணியாற்றிய அமீஷ் திரிபாடி 2010இல் தொடங்கிய மெலூஹா வரிசை. இதில் சிவன் திபெத்திலிருந்து வரும் குலத்தலைவன். சோமரசம் நெடுவாழ்வு தரும் மருந்து. நீலகண்டம் அம்மருந்தின் விளைவு. ஒவ்வோர் அற்புதத்துக்கும் காரணம் காட்டப்படுகையில் வியப்பு சுருங்கி, மருந்துக்கடைச் சீட்டாகிவிடுகிறது. சோமரசத்துக்கும் ஒரு கொடிய விலை உண்டு என்று 2013இல் வந்த மூன்றாம் நூல் முழுமையாகச் சொல்வது உண்மையே; அதற்குள் நான் களைத்துப் போயிருந்தேன். என் பேத்தி இதை ஏற்பதில்லை. “தாத்தா, கடவுளும் நம்மைப் போலத் தயங்கினார் என்று படித்தபோதுதான் அவர் எனக்கு நெருக்கமானார்” என்கிறாள். அவள் சொல்வதில் நியாயம் இருக்கிறது. ஆயினும் நெருக்கம் ஒன்று, வியப்பு வேறொன்று.

தமிழில் ஜெயமோகனின் ‘விஷ்ணுபுரம்’ (1997) பொறுமையைச் சோதிக்கும் நூல். ஆனால் ஒரு காலத்தில் வாழ்ந்தவர்கள் பின்வருவோருக்குத் தொன்மமாகி, அவர்கள் வாழ்ந்தார்களா என்பதே வாதத்துக்குரியதாகும் விந்தையை அதுபோல் காட்டிய தமிழ் நாவலை நான் படித்ததில்லை.

இவை அனைத்துக்கும் மேலாக நான் வைப்பது, எங்கள் மாவட்டத்துத் தஸ்ராக் கிராமத்திலிருந்து பிறந்த ஓ. வி. விஜயனின் ‘கசாக்கின் இதிகாசம்’ (1969). திறனாய்வாளர்கள் இதை நவீனத்துவ நாவல் என்பர். என் அலமாரியில் இதன் இடம் மிகுபுனைவு வரிசையே. ஓராசிரியர் பள்ளிக்கு வரும் ரவியைவிட, அவ்வூரின் கதைகளே எனக்கு நாயகர்கள். ஆயிரம் வெண்குதிரைகளோடு வந்த ஷேக்கின் படை, நோயுற்ற ஒரு குதிரைக்காக அங்கேயே தங்கிவிடுகிறது. கசாக்கு மக்கள் தம்மை அப்படையின் வழித்தோன்றல்கள் என்று நம்புகின்றனர். ஒரு முதிய குதிரையின் பொருட்டு ஒரு படையே தன் பயணத்தை இழக்கிறது. ஓர் ஊர் பிறக்கிறது. இதைவிடச் சிறந்த விலையை எந்த மாயக்கதை கேட்டிருக்கிறது?

அந்நாவலில் எனக்கு உடன்பாடற்ற தொன்மமும் உண்டு. முற்காலத்தில் கள் இறக்குபவனுக்காகப் பனை தானே தலைகுனியுமாம். ஒருவனுடைய மனைவி நெறி பிறழ்ந்தபின் பனைகள் குனிவதை நிறுத்திக்கொண்டனவாம். ஊரார் நம்பியதையே விஜயன் சொல்கிறார் என்பதை அறிவேன். என்றாலும் மாயம் தொலைந்ததற்கான விலையை எப்போதும் ஒரு பெண்ணின் பெயரில் எழுதிவைப்பது பழங்கதைகளின் வழக்கமான அநீதி. நாள்தோறும் பனையேறுபவனின் கைகால்களில் காய்த்துப்போன தோலைப் பார்த்தவர்கள், இதற்கு வேறு காரணம் தேடியிருக்கலாம்.

இந்நூலை யூமா வாசுகி தமிழில் தந்திருக்கிறார். அம்மொழிபெயர்ப்புக்கு 2017ஆம் ஆண்டுக்கான சாகித்திய அகாதெமி பரிசு கிடைத்தது. மூலத்தில் கசாக்கு மக்கள் பேசுவது தமிழ் கலந்த பாலக்காட்டு மலையாளம். முழுவதும் தமிழாகும்போது எது கலந்தது, எது கலக்கப்பட்டது என்ற வேறுபாடு மங்குவது தவிர்க்க இயலாதது. இரு மொழியும் படிக்கத் தெரிந்த எல்லைப்புறத்து வாசகர்கள், இரண்டையும் அருகருகே வைத்து, ஷேக்கின் குதிரை வரும் பகுதியிலிருந்து தொடங்கலாம்.