மீற்றருக்கு நேரம் தெரியுமா?

அண்மையில் மட்டக்களப்புப் பகுதியில் ஒரு மாதர் சங்கக் கூட்டத்திற்குச் சென்றிருந்தேன். மின்சாரச் சிட்டை பற்றிய பேச்சு எழுந்தபோது, தையல் வேலை செய்யும் சகோதரி ஒருவர் தான் இரவு பதினொரு மணிக்கு எழும்பி உடுப்புகளை அயன் பண்ணுவதாகச் சொன்னார். "பத்தரைக்குப் பிறகு கரண்ட் மலிவு எண்டு இவர் எங்கேயோ கேட்டுக்கொண்டு வந்தவர், மிஸ்." விடிய நாலரைக்கு அவர் மீண்டும் அடுப்படியில் நிற்கவேண்டும். சிட்டையை வாங்கிப் பார்த்தேன். அதில் இருந்தது ஒரேயொரு மீற்றர் வாசிப்பு. அந்த மீற்றருக்கு இரவு பதினொன்றும் ஒன்றுதான், மாலை ஏழும் ஒன்றுதான்.

கணவர் கேட்டுவந்தது பொய்யல்ல. நேரத்துக்கேற்ப மாறும் கட்டணமுறை எமது நாட்டில் உண்டு. அதில் காலை 5.30 முதல் மாலை 6.30 வரை பகல், 6.30 முதல் இரவு 10.30 வரை உச்சநேரம், அதன்பின் விடியும்வரை மலிவு நேரம். மாலையில் எல்லா வீடுகளிலும் மின்குமிழும் ரீவியும் ஒன்றாக எரிவதால், செலவு கூடிய எண்ணெய் மின்நிலையங்களையும் இயக்கவேண்டி வருகிறது. ஆனால் இக்கட்டணம் அதற்கென்று கேட்டு, அதற்கான மீற்றர் பூட்டியவர்களுக்கே. உங்கள் சிட்டையில் மூன்று வாசிப்புகள் இருந்தால் மட்டும் நேரம் பாருங்கள். அப்படியிருந்தாலும் நித்திரை முழிக்கத் தேவையில்லை. உச்சநேரத்தைவிடப் பகலும் மலிவுதான். தண்ணீர் மோட்டரைக் காலையில் போட்டால் அது தன்பாட்டில் தாங்கியை நிரப்பும். அயன் அப்படியல்ல, பக்கத்தில் ஒருவர் நிற்கவேண்டும். அந்த ஒருவர் யார் என்பதை நான் சொல்லத் தேவையில்லை. "பாவனை நேரத்தை மாற்றுங்கள்" என்று அறிவுரை சொல்பவர்கள் இந்த வித்தியாசத்தைக் கவனிப்பதாகத் தெரியவில்லை.

எம்மில் பெரும்பாலானோருக்குப் பொருந்துவது படிமுறைக் கட்டணம். இங்கே எப்போது பாவித்தோம் என்பதல்ல, எவ்வளவு பாவித்தோம் என்பதே கணக்கு. 2025 ஜூனில் வந்த கட்டணத்தையே எடுத்துக்கொள்வோம். மாதம் 60 அலகு பாவித்த வீட்டில் முதல் 30 அலகுக்கு 4.50 ரூபா வீதம் 135, அடுத்த 30க்கு 8 ரூபா வீதம் 240, நிலையான கட்டணம் 210. வரி நீங்கலாக 585 ரூபா. அதே வீடு 61 அலகு பாவித்தால்? மலிவான அந்த இரண்டு படிகளும் இல்லாமற் போய், முதல் 60 அலகும் 12.75 ரூபாவாகிறது. கடைசி அலகு 18.50, நிலையான கட்டணம் 400. மொத்தம் 1183.50 ரூபா. ஒரு அலகால் சிட்டை இருமடங்காகிறது!

ஆகவே நாளொன்றுக்கு இரண்டு அலகு என்று மனதில் வைத்துக்கொள்ளுங்கள். ஞாயிறுதோறும் மீற்றர் இலக்கத்தைக் கலண்டரில் குறித்து வந்தால், வாரம் 14 அலகைத் தாண்டுகிறதா என்பது மாதமுடிவுக்கு முன்பே தெரிந்துவிடும். 1000 வாற்று அயன் ஒரு மணித்தியாலம் சூடாகவே நின்றால் ஒரு அலகு. தினமும் பள்ளிக்கூடச் சட்டை ஒன்றுக்காக அதைச் சூடாக்குவதைவிட, வாரத்துக்கு ஒருமுறை எல்லாவற்றையும் சேர்த்து, பகலில் அயன் பண்ணலாம். 700 வாற்று றைஸ் குக்கர் அரை மணித்தியாலத்துக்கு மூன்றிலொரு அலகு அளவில் எடுக்கும். குசினி லைற்றை நிற்பாட்டவில்லை என்று ஏச்சு வாங்குபவர்களுக்காக ஒரு கணக்கு: 9 வாற்று எல்.ஈ.டி. குமிழ் தினம் நாலு மணித்தியாலம் எரிந்தாலும் மாதம் முழுவதற்கும் ஏறக்குறைய ஒரே ஒரு அலகுதான். (இதை வீட்டில் வாசித்துக் காட்டுங்கள்.)

இவ்வளவும் சொந்த மீற்றர் உள்ளவர்களுக்கு. ஒரே மீற்றரில் இரண்டு மூன்று குடும்பங்கள் இருக்கும் வளவுகளில் நிலைமை வேறு. பிள்ளையோடு ஓர் அறையில் வாடகைக்கு இருக்கும் பெண், ஒரு குமிழும் ஒரு மின்விசிறியும் பாவித்து 25 அலகுக்குள் நிற்கக்கூடும். ஆனால் வீட்டுக்காரரின் பிறிட்ஜும் மோட்டரும் சேர்ந்த சிட்டை 120ஐத் தாண்டியிருக்கும். அதை ஆளுக்குப் பாதியாகப் பிரித்தால், தான் பாவிக்காத அலகுக்கு, அதுவும் மேற்படி விலையில், அவர் காசு கட்டுகிறார். எமது அலுவலகத்துக்கு வரும் வாடகைப் பிணக்குகளில் இதுவும் அடிக்கடி வருவதுண்டு. அறைக்கென்று ஒரு சிறிய உபமீற்றர் பூட்டினால் பாவித்த அலகாவது தெரியும். அறை எடுக்கும் சகோதரிகள் முற்பணம் கொடுக்கும் அன்றே கரண்டுக்கு எந்தக் கணக்கு என்று கேட்டு, அதையும் வாடகை ஒப்பந்தத்தில் ஒரு வரியாக எழுதுவித்துக்கொள்ளுங்கள்.