கெடு முடிந்தால் குற்றமும் தீர்ந்துவிடுமா?

மோட்டார் முதலாளிகள் ஒரு விசித்திரமான நியாயத்தை நாட்டு மக்கள் தலையில் கட்டி வருகிறார்கள். 3 ஆண்டு அல்லது 1 லட்சம் கிலோமீட்டர், இதில் எது முந்துகிறதோ அதுவரைதான் இன்ஜினுக்குத் தாங்கள் பொறுப்பு என்று பல கம்பெனிகள் சொல்கின்றன. கெடுவுக்கு முதல் நாள் இன்ஜின் சீஸ் ஆனால் கம்பெனியின் பொறுப்பு. மறுநாள் ஆனால் வாங்கியவனின் தலைவிதி! இன்ஜினும் அதுவே, கோளாறும் அதுவே. காலண்டரில் ஒரு தாளைக் கிழித்ததும் பொறுப்பு மட்டும் கைமாறிவிடுகிறது. இது என்ன நியாயம் என்று நாம் கேட்கிறோம்.

ஆரணிக் கணக்கு

இந்தக் கெடு செல்வந்தரை வாட்டுவதில்லை. அவர் காரை மாற்றிக்கொண்டு போய்விடுவார். வாட்டுவது, ஆரணியில் வாடகைக் கார் ஓட்டிப் பிழைப்பவனை. பட்டு வியாபாரியைக் காஞ்சிபுரத்துக்கும் பெங்களூருக்கும், நோயாளியை வேலூருக்கும், கலியாண வீட்டாரைச் சென்னைக்கும் ஏற்றிச் செல்கிறவன் அவன். தறியில் கூலி கட்டாமல் ஸ்டியரிங்கைப் பிடித்தவர்களும் அவர்களில் உண்டு.

நாளொன்றுக்கு 200 கிலோமீட்டர் ஓட்டினால் 500 நாளில் 1 லட்சம் வந்துவிடும். மாதம் 26 நாள் ஓட்டுகிறவனுக்கு 20 மாதத்துக்குள் கெடு காலி. கடனோ 60 தவணை! மூன்றில் ஒரு பங்குத் தவணை கட்டுவதற்குள் உத்தரவாதம் செத்துவிடுகிறது. அதற்குப் பிறகு இன்ஜின் போனால் லட்ச ரூபாய்க் கணக்கில் பில் நீட்டுகிறார்கள். வண்டி ஓடினாலும் ஓடாவிட்டாலும் ஃபைனான்ஸ்காரர் தவணைக்கு வந்து நிற்கிறார். அப்படித் தவித்து நம்மிடம் வந்த ஒரு தோழருக்கு, கம்பெனி ஒர்க்ஷாப் தந்த பதில் இரண்டே சொல்: “கெடு முடிந்தது.”

நமது ஊர் நெசவாளிக்கு இப்படி ஒரு கெடு உண்டா? சேலையில் இழை விட்டுப் போனால், ஜரிகை பிசகினால் கூலியில் பிடித்தம். கடைக்குப் போன சேலை திரும்பி வந்தாலும் பழி அவன் தலையில்தான். உழைப்பவன் செய்த பிழைக்குக் காலக்கெடு இல்லை. முதலாளி செய்த பிழைக்கு மட்டும் கெடு!

“பராமரிப்பு சரியில்லை” என்னும் பல்லவி

கெடு என்ற கேடயம் போதாதென்றால் அடுத்த கேடயத்தை எடுப்பார்கள். “ஆயில் மாற்றியிருக்க மாட்டாய், சரியாக ஓட்டியிருக்க மாட்டாய்” என்பார்கள். தேய்கிற டயருக்கும் கிளட்சுக்கும் கம்பெனி ஆயுள் முழுக்கப் பொறுப்பேற்க வேண்டும் என்று யாரும் கேட்கவில்லை. ஆயிலே மாற்றாமல் ஓட்டியவனுக்காகவும் நாம் வாதாடவில்லை. ஆனால் காலம் தவறாமல் கம்பெனி ஒர்க்ஷாப்பிலேயே சர்வீஸ் செய்து, பில்லும் கையில் வைத்திருப்பவனுக்கு என்ன பதில்?

கோளாறு தொழிற்சாலைக்குள்ளேயே பிறப்பதுண்டு. நமக்கு அருகே இருங்காட்டுக்கோட்டையில் ஆலை வைத்திருக்கும் ஹூண்டாய் கம்பெனியின் கதையையே பாருங்கள். அமெரிக்காவில் அது செய்த ‘தீட்டா 2’ இன்ஜினில், கிராங்க் ஷாஃப்ட்டைக் கடைந்தபோது விழுந்த உலோகத் துகள்கள் ஆயில் போகும் துளையில் தங்கிவிட்டன. ஆயில் போகாமல் பேரிங் தேய்ந்து, ஓடும்போதே இன்ஜின் நின்றது. 2015-ல் சுமார் 4,70,000 கார்களைத் திரும்ப அழைத்தார்கள். கம்பெனி உண்மைகளை மறைக்கிறது என்று 2016-ல் கிம் குவாங் ஹோ என்ற கொரிய என்ஜினியர் அம்பலப்படுத்தினார். அவரை வேலையை விட்டு நீக்கினார்கள். ஆனால் கார் வாங்கியவர்கள் கூட்டாக வழக்காடினார்கள். 2019-ல் ஹூண்டாயும் அதன் கூட்டுக் கம்பெனி கியாவும் அமெரிக்காவிலும் கொரியாவிலும் அந்த பேரிங் கோளாறுக்கு ஆயுட்கால உத்தரவாதம் தர இறங்கி வந்தன. திரும்ப அழைப்பதில் தாமதம் செய்ததற்காக 2020-ல் இரு கம்பெனிகள் மீதும் 21 கோடி டாலர் தண்டம் விழுந்தது.

அந்தக் கோளாறு இங்குள்ள கார்களில் இருப்பதாக நாம் சொல்லவில்லை. அமெரிக்கா தர்மபூமி என்றும் சொல்லவில்லை. அது முதலாளித்துவத்தின் கோட்டை. அந்தக் கோட்டைக்குள்ளேயே, மக்கள் கூடி நெருக்கியபோது, கெடு என்ற சுவர் இடிந்தது. நாம் சொல்வது இதுதான்.

சட்டத்தில் வைத்த ஓட்டை

இங்கே என்ன நிலை? நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம், 2019-ல் ‘பொருள் பொறுப்பு’ என்று ஓர் அத்தியாயமே சேர்த்தார்கள். பொருளைச் செய்தவன் பொறுப்பேற்க வேண்டும் என்று பறைசாற்றினார்கள். ஆனால் 2(22) பிரிவைப் படியுங்கள்! அந்தப் பொருளுக்கே நேரும் சேதம் ‘தீங்கு’ ஆகாது என்று அங்கே எழுதியிருக்கிறது. இன்ஜின் வெடித்து வீடு எரிந்தால் வீட்டுக்கு இழப்பீடு கேட்கலாம். இன்ஜினுக்கு இந்த அத்தியாயத்தில் இடமில்லை!

மோட்டார் வாகனச் சட்டத்தில் 2019-ல் சேர்த்த 110-ஏ பிரிவு, கோளாறான வண்டிகளைத் திரும்ப அழைக்கச் சர்க்காருக்கு அதிகாரம் தருகிறது. அதுவும் உயிருக்கோ சுற்றுச்சூழலுக்கோ ஆபத்து என்றால்தான். ஓட்டுநரின் பிழைப்பு நாசமானால் அது ஆபத்தில்லையாம்!

மிச்சமிருப்பது, ‘பொருளில் குறை’ என்று நுகர்வோர் ஆணையத்தில் புகார் செய்யும் வழி. அங்கே குறையை நிரூபிக்கும் சுமை ஏழையின் தோளில். இன்ஜினைச் சோதனைக்கு அனுப்பினால் கட்டணத்தையும் அவனிடமே கேட்கலாம். வரைபடம், சோதனைக் குறிப்பு, பிறர் புகார்கள் எல்லாம் கம்பெனியின் பீரோவில். சாட்சியம் ஒருவன் கையில், நிரூபிக்கும் கடமை மற்றவன் தலையில்!

நாம் என்ன செய்ய வேண்டும்?

இருக்கும் வழியையும் விடக்கூடாது. சர்வீஸ் பில் ஒவ்வொன்றையும் பத்திரப்படுத்துங்கள். கோளாறின் காரணத்தை எழுத்தில் கேளுங்கள். கழற்றிய பாகங்களை ஒர்க்ஷாப்பில் விட்டுவிடாதீர்கள், அவைதான் சாட்சி. கோளாறு தெரிந்ததிலிருந்து 2 ஆண்டுக்குள், சொந்த ஜில்லாவான திருவண்ணாமலையிலேயே புகார் கொடுக்கலாம். “வாடகை வண்டி வியாபாரம், நீ நுகர்வோர் அல்ல” என்று மிரட்டினால் பயப்பட வேண்டாம். சுயதொழிலாக ஓட்டிப் பிழைப்பவன் நுகர்வோரே என்று 2(7) பிரிவின் விளக்கம் சொல்கிறது.

ஆனால் தனித்தனியாகப் போனால் தனித்தனியாகவே தோற்போம். ஆகவே நமது கோரிக்கைகள்:

2(22) பிரிவின் விலக்கை நீக்கு! 110-ஏ பிரிவில் இன்ஜின் கோளாறையும் சேர்! ஒழுங்காக சர்வீஸ் செய்த வண்டியில் இன்ஜின் போனால், தன் குற்றமில்லை என்று கம்பெனியே நிரூபிக்கட்டும்! எந்த மாடலில் எத்தனை இன்ஜின் போயிற்று என்ற கணக்கைப் பகிரங்கமாக வெளியிடு! கடன் தீரும் வரையாவது இன்ஜினுக்கு உத்தரவாதம் கொடு!

ஆலையில் இன்ஜின் பூட்டும் தொழிலாளி இந்தப் போரில் நமக்கு எதிரி அல்ல. வேகத்தை நிர்ணயிப்பவன் அவனல்ல, மேலே உட்கார்ந்திருப்பவன். “இது கோளாறு, வெளியே அனுப்பாதே” என்று வேலை போகும் பயமின்றி அவன் சொல்ல வேண்டுமானால் அவனுக்குச் சங்கம் வேண்டும். ஆலைத் தொழிலாளியும் கார் ஓட்டுநரும் தறி நெசவாளியும் ஒரே குரலில் கேட்கட்டும்: செய்தவன் பொறுப்பு ஏற்கட்டும்!