டாலரைப் பெருக்கிப் பார்க்கும் பெற்றோருக்கு



திருவனந்தபுரம் சாலைக் கடைத்தெருவில் வியாபாரம் செய்யும் தகப்பனார் ஒருவர், "இரண்டு மாதமாக மகன் பணம் அனுப்பவில்லை, அமெரிக்கா போனதும் எங்களை மறந்துவிட்டான்" என்று மனம் நொந்து கூறினார். பின்புதான் உண்மை தெரிந்தது. மகனுக்கு வேலை போயிருந்தது. வீட்டில் சொல்ல வெட்கப்பட்டு மறைத்திருந்தான்.

டெக்னோபார்க்கில் வேலைக்குச் சேர்ந்து, அங்கிருந்து அமெரிக்கா செல்லும் பிள்ளைகள் நம்மிடையே உண்டு. அந்நாட்டைக் குறித்த நம் தவறான எண்ணங்களின் பாரத்தைச் சுமப்பவர்கள் அவர்களே.

"அங்கே போனால் வாழ்க்கை நிலைத்துவிட்டது" என்கிறோம். எச்-1பி விசாவில் இருப்பவர் வேலையை இழந்தால், அதிகபட்சம் 60 நாட்களுக்குள் வேறு நிறுவனம் அவருக்காக விண்ணப்பிக்க வேண்டும். அல்லது அவர் வேறு விசாவுக்கு மாற விண்ணப்பிக்க வேண்டும். இல்லையேல் நாட்டைவிட்டு வெளியேற வேண்டியதுதான்.

"டாலரில் சம்பளம், என்ன குறை?" என்கிறோம். சம்பளத்தை ரூபாயாகப் பெருக்கும் நாம் செலவைப் பெருக்குவதில்லை. வரி, வாடகை, மருத்துவக் காப்பீடு, குழந்தைக் காப்பகம் யாவும் டாலரிலேயே போகின்றன. கடையில் ஒட்டியிருக்கும் விலைகூட முழு விலையல்ல. பெரும்பாலான மாநிலங்களில் பணம் செலுத்தும் இடத்தில் விற்பனை வரி அதன்மேல் சேரும்.

"செல்வந்த நாடு, பிரசவ விடுப்பு தாராளமாகக் கிடைக்கும்" என்கிறோம். அங்கே 1993ஆம் ஆண்டின் தேசியச் சட்டம் தகுதியுள்ளோருக்கு அளிப்பது 12 வாரம், அதுவும் ஊதியமின்றி. சில மாநிலங்களும் நிறுவனங்களும் மட்டும் ஊதியம் தருகின்றன. நம் நாட்டிலோ 2017ஆம் ஆண்டின் திருத்தச் சட்டம், தகுதியுள்ள பெண் ஊழியருக்கு முதல் இரு பிரசவங்களுக்கும் ஊதியத்துடன் 26 வாரம் அளித்தது.

"பதினெட்டு வயதானால் பிள்ளைகளை வீட்டைவிட்டு அனுப்பிவிடுவார்கள்" என்றும் சொல்லுகிறோம். கொரோனா காலமாகிய 2020 ஜூலையில், அங்கே 18 முதல் 29 வயதுடையோரில் 52 சதவீதத்தினர் பெற்றோருடன் வாழ்ந்ததாகப் பியூ ஆய்வு மையம் கண்டறிந்தது. ஆபத்து நாளில் வீடு தேடி வரும் பிள்ளைகள் அங்கேயும் உண்டு. கதவைத் திறக்கும் பெற்றோரும் உண்டு.

ஆகவே அன்பானவர்களே, அடுத்த முறை பிள்ளை தொலைபேசியில் அழைக்கும்போது, மனைக்கட்டின் தவணையையும் தங்கையின் திருமணச் செலவையும் பேசுமுன், "வேலை எப்படி இருக்கிறது? சரியாகத் தூங்குகிறாயா?" என்று கேளுங்கள். "பரவாயில்லை அப்பா" என்று அவன் தயங்கிச் சொன்னால், உடனே வைத்துவிடாதிருங்கள். "வேலை போனாலும் நம் வீடு இருக்கிறது, மகனே" என்று சொல்லுங்கள். அந்த ஒரு வார்த்தைக்காக அவன் பல நாள் காத்திருக்கக்கூடும்.