கை குலுக்காத அந்த நொடி

2019 டிசம்பர் 28, டெல்லி. ஒலிம்பிக் தகுதிச் சுற்றுக்கான குத்துச்சண்டைத் தேர்வுப் போட்டியில் சக வீராங்கனை நிகத் ஜரீனை 9-1 என வென்ற மேரி கோம், கை குலுக்காமல் நகர்ந்தார். ஆறு முறை உலகப் பட்டம் வென்றவரை, தலைக்கனம் பிடித்தவர் என்று ஊரே திட்டித் தீர்த்தது. தொலைக்காட்சிகள் அந்தச் சில நொடிகளையே திரும்பத் திரும்பக் காட்டின. ஆட்டம் மறந்தே போனது.

கை குலுக்காதது தவறுதான். ஆனால் அதுவா முக்கியம்? நிகத் கேட்டது முறையான தேர்வுப் போட்டி, நூற்றுக்கு நூறு நியாயம். முதலில் போட்டியே வைக்காமல் மேரியைத் தகுதிச் சுற்றுக்கு அனுப்பப் பார்த்தது குத்துச்சண்டைக் கூட்டமைப்பு. கேள்வி அவர்களிடம் போயிருக்க வேண்டும். ஆனால் விதிமுறையைப் பேசினால் யார் பார்ப்பார்கள்? இரண்டு பெண்களின் பகையென்றால் சுடச்சுட விற்கும். 2021இல் டோக்கியோவில் மேரி தோற்றபோது அதே ஊடகங்கள் அவரைக் கொண்டாடி உருகின.

ஜெயிக்கிறவர்மேல் எரிச்சல் வருவது மனித இயல்பு. அதை ஊதிப் பெருக்குவது வியாபாரம். வாலாஜாபாத் டீக்கடையில் பேப்பரை விரிக்கும் நாமும் கொஞ்சம் யோசிப்போம்: இந்தக் கோபம் நம்முடையதா, நமக்கு ஊட்டப்பட்டதா? ஆளைத் திட்டுமுன் அமைப்பைக் கேள்வி கேட்போம்.