ரிவர்ஸையும் கற்றுக்கொடுங்கள்
கரும்பு ஏற்றிய டிரெய்லரை டிராக்டரில் கட்டி முன்னே இழுத்துப்போவது பெரிய வித்தை அல்ல. ரிவர்ஸ் எடுக்கும்போதுதான் ஓட்டுநரின் கைப்பழக்கம் தெரியும். டிரெய்லர் இடப்புறம் போக ஸ்டீயரிங்கை வலப்புறம் ஒடிக்க வேண்டும். புதிதாகப் பழகுகிறவர் ஸ்டீயரிங்கின் அடிப்பக்கத்தைப் பிடித்துக்கொண்டால் குழப்பம் தீரும். கை போகிற பக்கமே டிரெய்லரும் போகும். ஒடிப்பு கூடிவிட்டால் டிரெய்லரின் முன்மூலை டிராக்டரின் பின்சக்கரத்தில் முட்டப் பார்க்கும். அப்போது மல்லுக்கட்டாமல் முன்னே எடுத்து நேராக்குவதே சரி. இரண்டு சக்கர டிரெய்லராவது ஓரிடத்தில்தான் மடங்கும். நான்கு சக்கர டிரெய்லரில் முன்அச்சும் திரும்புவதால் மடங்கும் இடம் இரண்டு. கைதேர்ந்தவரையே அது திணறடிக்கும். ஆனால் 1988ஆம் ஆண்டு மோட்டார் வாகனச் சட்டப்படி, வெற்று எடை 7,500 கிலோவுக்கு மிகாத டிராக்டர் இலகுரக வாகனம்தான். காரை ஓட்டிக்காட்டி வாங்கிய உரிமத்தோடு பலர் டிராக்டரில் ஏறிவிடுகிறார்கள். இது போதவே போதாது. சுமை ஏறிய டிரெய்லருக்குப் பின்னால் குழந்தை நின்றாலும் ஓட்டுநருக்குத் தெரியாது. டிராக்டர் வைத்திருப்பவர்களே, உங்கள் பிள்ளைகளைக் காலி டிரெய்லரோடு திறந்த வெளியில் பழக்குங்கள். பின்னால் ஆள் நின்று வழி சொல்லாமல் ரிவர்ஸ் எடுக்க விடாதீர்கள்.