பேர் போட்டியாம்மா?

வாடிப்பட்டியில் எங்கள் அத்தை வீட்டுக்குப் பக்கத்துக் கோயிலில் பொங்கல். முளைப்பாரி கிளம்புவதற்கு முன்னாலேயே மேளம் கிளம்பிவிட்டது. வாடிப்பட்டி மேளம் என்றால் சொல்லவா வேண்டும்? நாதஸ்வரம், தவில், பம்பை, தமுக்கு எல்லாம் ஒன்றுசேர்ந்தால், சும்மா நிற்கிற காலும் தாளம் போடும். நான் செய்தியாளர் ஆயிற்றே, விடுவேனா? போனை எடுத்தேன். நாற்பது நொடி வீடியோ, உடனே ரீல்ஸில் ஏற்றியாச்சு. சாயங்காலத்துக்குள் லைக் குவிய ஆரம்பித்துவிட்டது.

இருட்டுகிற நேரம் டீக்கடையில் அந்தத் தவில்காரர் என்னைப் பார்த்துவிட்டார். அறுபது வயதுக்கு மேல் இருக்கும்.

"வீடியோ எடுத்தியேம்மா, போட்டுட்டியா?"

"போட்டாச்சுண்ணே. செமையா போயிட்டிருக்கு."

"எங்க பேர் போட்டியாம்மா?"

எனக்குப் பதில் வரவில்லை. வாடிப்பட்டி மேளம் என்று போட்டிருந்தேன். மாஸ் என்று போட்டிருந்தேன். தீ எமோஜி மூன்று போட்டிருந்தேன். வாசித்த ஒன்பது பேரில் ஒருவர் பெயரைக்கூடப் போடவில்லை. போடவில்லை என்ன, நான் கேட்கவே இல்லை.

அவர் கோபப்படவில்லை, சிரித்தார். "கல்யாண வீடியோவுலயும் இப்பிடித்தாம்மா. எங்களை எடுப்பாங்க. ஆனா எடிட்டிங்ல சினிமாப் பாட்டைப் போட்டுருவாங்க. கை எங்க கை, சத்தம் வேற யாரோடதோ!"

அன்று ராத்திரி சோறு இறங்கவில்லை. அத்தையிடம் சொன்னபோதுதான், "எங்க காலத்துல சுரபின்னு ஒண்ணு வரும்டி" என்று ஆரம்பித்தார்.

அத்தை அனுப்பிய போஸ்ட் கார்டு

என் வயதுக்காரர்களுக்கு 'சுரபி' தெரியாது. 1990-களில் தூர்தர்ஷனில் வந்த தொடர். சித்தார்த் காக்கும் ரேணுகா ஷஹானேவும் தொகுத்து வழங்கினார்கள். இந்தியாவின் மூலைமுடுக்கில் இருக்கும் கலைகள், கைத்தொழில்கள், அவற்றைச் செய்கிறவர்கள் பற்றிய சின்னச் சின்ன ஆவணப்படங்கள் வரும். வாராவாரம் ஒரு கேள்வி கேட்பார்கள். பதிலை போஸ்ட் கார்டில் எழுதி அனுப்ப வேண்டும்.

1993-ல் ஒரே வாரத்தில் 14 லட்சத்துக்கும் மேல் கடிதங்கள் வந்து, அது லிம்கா சாதனைப் புத்தகத்தில் ஏறியது. அப்போது சாதாரண போஸ்ட் கார்டு 15 பைசா. குவிகிற கார்டைப் பார்த்துத் திணறிப்போன தபால் துறை, போட்டிகளுக்கென்றே 2 ரூபாய்க்குத் தனி போஸ்ட் கார்டு கொண்டுவந்தது. கலைஞர்களைப் பற்றிய ஒரு நிகழ்ச்சிக்கு இந்த நாடு இப்படி ஓடி வந்திருக்கிறது என்பதை என்னால் இன்னும் நம்ப முடியவில்லை.

"ஹிந்தி நிகழ்ச்சியாச்சே, உங்களுக்கு என்ன புரிஞ்சுது?" என்று கேட்டேன்.

"பானை வனையறவர் கை என்னத்துக்குடி ஹிந்தி பேசணும்?" என்றார் அத்தை. அவரும் கார்டு போட்டிருக்கிறார். பரிசு விழவில்லை. ஆனால் கைவேலை செய்கிறவரின் முகத்தை இவ்வளவு பக்கத்தில் காட்டிய டி.வி. நிகழ்ச்சி அதற்கு முன்னால் தான் பார்த்ததில்லை என்றார்.

பொதுத் தொலைக்காட்சி செய்ய வேண்டிய வேலை இதுதான் என்று தோன்றுகிறது. டி.ஆர்.பி. வராத மனிதரிடமும் கேமரா போக வேண்டும். போய், ஆட்டத்தை மட்டும் எடுத்துக்கொண்டு திரும்பாமல், "இதை எப்படிச் செய்றீங்க? யார்கிட்ட கத்துக்கிட்டீங்க?" என்று உட்கார்ந்து கேட்க வேண்டும். அமெரிக்காவின் பொதுத் தொலைக்காட்சியான பி.பி.எஸ்.ஸில் 'அமெரிக்கன் மாஸ்டர்ஸ்' என்ற தொடர் 1986-ல் தொடங்கியது. எழுத்தாளர், பாடகர், ஓவியர் என்று கலைஞர்களின் வாழ்க்கையை ஒவ்வொன்றாக எடுத்து வைக்கிறது. இன்றும் வருகிறது.

ரே தாமதமாக வந்தார், ஆனால் வந்தார்

நம் ஊரிலும் ஓர் உதாரணம் உண்டு. பரதநாட்டிய மேதை பாலசரஸ்வதி. 1935-ல் கல்கத்தாவில் அவர் ஆடியதை ஒரு பதினான்கு வயதுப் பையன் பார்த்தான். பின்னாளில் இயக்குநர் சத்யஜித் ரே ஆனவன் அவன்தான். அவரைப் படமெடுக்க வேண்டும் என்ற ஆசை ரேக்கு 1960-களிலேயே இருந்தது. தள்ளிப்போய்த் தள்ளிப்போய் 1976-ல்தான் நடந்தது. தமிழக அரசும், பம்பாயின் தேசிய நிகழ்த்துகலை மையமும் சேர்ந்து தயாரித்த 'பாலா' அது. ஓடுவது சுமார் அரை மணி நேரம்.

அப்போது பாலாவுக்கு வயது 58. கடற்கரையில், காற்று புடவையைப் பிடித்து இழுக்க இழுக்க, அவர் அபிநயம் பிடிக்கும் காட்சி அதில் உண்டு. இளமையில் எடுத்திருக்கலாமே என்று பார்க்கிறவர்களுக்குத் தோன்றும். ஆனால் எடுக்காமலே விட்டிருந்தால்? எட்டு வருடம் கழித்து, 1984-ல் பாலா காலமானார். இன்று அவரைப் பார்க்க ஆசைப்படுகிறவர்கள் போய் நிற்பது அந்த அரை மணி நேரத்தில்தான்.

பாலாவுக்கு ஒரு ரே வந்தார். டீக்கடையில் என்னிடம் கேட்ட தவில்காரருக்கு யார் வருவார்?

மறுபடியும் போனேன்

மறுநாள் காலையில் அவர் வீட்டுக்கே போய்விட்டேன். இந்த முறை போனை உடனே எடுக்கவில்லை. திண்ணையில் உட்கார்ந்து கேட்டேன்.

வலது கை விரல்களில் மாட்டும் கூடுகளைக் காட்டினார். துணியைக் கிழித்து, மாவுப் பசை தடவி, விரலில் சுற்றிச் சுற்றிக் காயவைத்தால் கல் மாதிரி ஆகிவிடும். "கடையில வாங்குனா சத்தம் வராதாண்ணே?" என்றேன். "சத்தம் வரும்மா, என் சத்தம் வராது" என்றார். இடது கைக் குச்சி பூவரசு. தவில் கட்டை பலா. தோளில் மாட்டிக்கொண்டு நடந்தபடி, குதித்தபடி, மணிக்கணக்கில் வாசிக்க வேண்டும். தோள்பட்டையில் வார் அழுத்திய தழும்பு கறுத்துப்போய் இருந்தது.

என் நாற்பது நொடி ரீல்ஸில் இதில் ஒன்றுமே இல்லை. கூடு இல்லை, தழும்பு இல்லை, அவர் அப்பாவிடம் குட்டு வாங்கிக் கற்றுக்கொண்ட கதை இல்லை.

"இதை எல்லாம் யாருண்ணே கத்துக்கிறாங்க இப்ப?"

"பையன் திருப்பூருக்குப் போயிட்டான்மா. பேரன் தட்டுறான், போன்ல" என்று சிரித்தார்.

இருபது நிமிடம் பேசியதைப் பதிவு செய்தேன். "அண்ணே, என் பத்தியில உங்க பேரைப் போடவா?" என்று கேட்டேன். பதறிவிட்டார். "செட்டுல ஒம்போது பேரும்மா. என் பேரை மட்டும் போட்டா மத்த எட்டுப் பேர் மூஞ்சியில நான் எப்பிடி முழிக்க? போட்டா எல்லார் பேரையும் அந்த வீடியோவுலயே போடு." அதனால்தான் இங்கே பெயர் இல்லை. ரீல்ஸில் ஒன்பது பெயரும், யார் எந்த வாத்தியம் என்பதும் ஏறிவிட்டது. முதலில் அதைப் பார்த்தவர் அவர் பேரன். தாத்தா பெயர் வரும் இடத்தில் ஸ்கிரீன்ஷாட் எடுத்து வைத்துக்கொண்டான்.

உங்கள் கையிலும் கேமரா இருக்கிறது

பிரசார் பாரதி 2024 நவம்பரில் 'வேவ்ஸ்' என்ற செயலியைக் கொண்டுவந்தது. தூர்தர்ஷனின் பழைய நிகழ்ச்சிகள் பலவற்றை அதில் பார்க்கலாம். வீட்டில் பெரியவர்கள் இருந்தால் பக்கத்தில் உட்கார வைத்துப் பாருங்கள். நிகழ்ச்சியைவிட அவர்கள் சொல்லும் கதை சுவாரஸ்யமாக இருக்கும். அதற்கு நான் கேரன்டி.

டி.வி.காரர்கள் உங்கள் ஊருக்கு வரும்வரை காத்திருக்கவும் வேண்டாம். அடுத்த திருவிழாவில் மேளத்தையோ கரகத்தையோ எடுக்கும்போது, அவர்கள் சம்மதித்தால், மூன்று கேள்வி கேளுங்கள். உங்கள் பெயர் என்ன? யாரிடம் கற்றீர்கள்? இதில் எது ரொம்பக் கஷ்டம்? பதிலையும் வீடியோவோடு சேர்த்துப் போடுங்கள். கூடுதலாக ஐந்து நிமிடம் ஆகும், அவ்வளவுதான்.

முக்கியமாக, தவில் சத்தத்தை எடுத்துவிட்டு சினிமாப் பாட்டு போடாதீர்கள், ப்ளீஸ்!

அடுத்த வாரம் பார்ப்போம்.