த்ரூல்ஸ்ட்ரா மட்டுமா தவறினார்?

டச்சு வரலாற்றுப் பாடத்தில் ‘த்ரூல்ஸ்ட்ராவின் தவறு’ என்று ஒரு சொற்றொடர் உண்டு. 1918 நவம்பரில் நடந்த ஒரு வாரத்துக்கு அவர்கள் வைத்திருக்கும் பெயர் அது. பீட்டர் யெல்லெஸ் த்ரூல்ஸ்ட்ரா என்ற வக்கீல், சமூக ஜனநாயகத் தொழிலாளர் கட்சியின் தலைவர், நாடாளுமன்றத்தில் எழுந்து புரட்சி வந்துவிட்டது என்றார். வரவில்லை. இரண்டு நாள் கழித்து, கணக்குத் தப்பிவிட்டது என்று அவரே ஒத்துக்கொண்டார். அவ்வளவுதான் கதை. இருபது வருடங்களுக்கு மேல் அரசியல் செய்த மனிதரை இந்த இரண்டு நாளுக்குள் மடித்துப் பெட்டியில் வைத்துவிட்டார்கள்.

இந்தப் பெயரில் எனக்கு ஒரு பெரிய சிக்கல் இருக்கிறது. அதே நாடு 1947லும் 1948லும் இந்தோனேசியாவில் படை இறக்கி நடத்திய போர்களுக்கு வைத்த பெயர் ‘போலீஸ் நடவடிக்கை’. பல பத்தாண்டுகள் இழுத்த ஆச்சே போருக்கு அவர்கள் விரும்பிச் சொன்ன சொல் ‘அமைதிப்படுத்தல்’. ஊரை எரித்தால் அமைதி, பீரங்கியோடு போனால் போலீஸ். ஒரு தோட்டாகூட இல்லாமல் மேடையில் பேசினால் மட்டும் தவறு. பெயர் வைக்கும் வேலை யார் கையில் இருந்தது என்று கேட்காமல் இந்த வரலாற்றைப் படிக்கவே முடியாது.

சரி, அந்த வாரத்தில் என்னதான் நடந்தது?

நெதர்லாந்து முதல் உலகப் போரில் நடுநிலை வகித்தது. ஆனாலும் நான்கு வருடமாகப் படை திரட்டியே வைத்திருந்தது. ரொட்டி ரேஷனில்தான் கிடைத்தது. 1918 அக்டோபர் கடைசியில் ஹார்ஸ்காம்ப் முகாமில் சிப்பாய்கள் கலகம் செய்து கட்டடங்களுக்குத் தீ வைத்தார்கள். தலைமைத் தளபதி ஸ்னைடர்ஸ் பதவி விலக வேண்டியதாயிற்று. நவம்பர் 9 அன்று பெர்லினில் குடியரசு அறிவிக்கப்படுகிறது. மறுநாள் கைசர் வில்ஹெல்ம் எல்லையைத் தாண்டி டச்சு மண்ணுக்கே ஓடி வருகிறார். எல்லைக்கு அந்தப் பக்கம் நாற்காலிகள் வரிசையாகக் கவிழும்போது இந்தப் பக்கம் எதுவும் ஆகாது என்று யாரால் உறுதியாகச் சொல்லியிருக்க முடியும்?

பாடத்தில் சின்ன எழுத்தில் வரும் ஒரு ஆள் இங்கேதான் எனக்கு முக்கியம். பெயர் ஸிம்மர்மன். ரோட்டர்டாம் நகர மேயர், சோஷலிஸ்ட் வாடையே ஆகாதவர். புரட்சி வரப்போகிறது என்று அவர் நம்பினார். நகரத்தின் சோஷலிஸ்ட் தலைவர்களையும் தொழிற்சங்கத் தலைவர்களையும் தானாகவே கூப்பிட்டு, அதிகார மாற்றத்தை ஒழுங்காக, ரத்தமில்லாமல் எப்படி நடத்துவது என்று பேசினார். அதாவது, நாட்டின் மிகப் பெரிய துறைமுகத்தின் சாவியை வைத்திருந்த ஆளே, ‘எப்போ வர்றீங்க, சொல்லிட்டு வாங்க’ என்று கேட்ட மாதிரி. இந்தச் செய்தி த்ரூல்ஸ்ட்ராவின் காதுக்குப் போனது. 11ஆம் தேதி ரோட்டர்டாமிலும் 12ஆம் தேதி நாடாளுமன்றத்திலும் அவர் பேசியது இதற்குப் பிறகுதான்.

நிலைமையைத் தப்பாகக் கணித்தவர்கள் அப்படியானால் இரண்டு பேர். ஒருவருக்குத் ‘த்ரூல்ஸ்ட்ராவின் தவறு’. இன்னொருவரைச் சில வருடம் கழித்துச் சர்வதேச சங்கம் வியன்னாவுக்கு அனுப்பியது, ஆஸ்திரியாவின் நிதியை மேற்பார்வையிடும் ஆணையராக. ஒரு முழு நாட்டின் கஜானாவை நம்பி ஒப்படைத்தார்கள். ‘ஸிம்மர்மனின் தவறு’ என்று எவரும் பாடம் எழுதவில்லை.

மென்பொருள் வேலையில் ஒரு சர்வர் விழுந்தால் பிறகு அறிக்கை எழுதுவோம். அதில் மூலகாரணம் என்ற இடத்தில் ‘மனிதத் தவறு’ என்று போட்டு அனுப்புகிறவனை எந்த நல்ல டீமும் மதிக்காது. அது சோம்பேறியின் பதில். ஒரே ஆள் ஒரே பட்டனை அழுத்தினால் எல்லாம் விழுகிற மாதிரி அமைப்பு ஏன் இருந்தது, எச்சரிக்கை மணி ஏன் பொய்யாக அடித்தது என்றுதான் கேட்கவேண்டும். நூறு வருடமாக டச்சுப் பாடம் இந்தச் சோம்பேறி அறிக்கையைத்தான் வாசித்துக்கொண்டிருக்கிறது.

இந்த மனிதரை அவசரக்காரர் என்று சொல்லும்போது எனக்குச் சிரிப்பு வரும். 1860இல் லேவார்டனில் பிறந்தவர். ஃப்ரீஸ்லாந்துக்காரர், ஃப்ரீஸிய மொழியில் கவிதை எழுதியவர். க்ரோனிங்கனில் சட்டம் படித்து 1888இல் முடித்துச் சொந்த ஊரில் வக்கீலாக உட்கார்ந்தார். அந்த ஃப்ரீஸ்லாந்தின் ஏழ்மை எப்படிப்பட்டது என்று தெரிய இவருடைய நான்கு பாக நினைவுக் குறிப்புகளைத் தேட வேண்டாம். இவரைக் கட்டிக்கொண்டு பின்னால் விவாகரத்து செய்த ஷூக்யா போக்மா டெ பூர், நீங்க ஃபான் ஹிக்டம் என்ற பெயரில் குழந்தைகளுக்காக எழுதியவர். பத்துப் பிள்ளைகள் பெற்ற ஒரு ஏழை ஃப்ரீஸியக் குடும்பத்தின் கதையை 1903இல் அவர் எழுதினார். அதைப் படித்தால் போதும். எழுத்தாளர் என்ற வகையில் கணவரைவிட மேலானவர் என்பது என் கட்சி.

1894இல் ஸ்வோல நகரத்தில் பன்னிரண்டு பேர் சேர்ந்து கட்சி தொடங்கினார்கள். தேர்தலே வேண்டாம் என்று அராஜகவாதத்தின் பக்கம் சாய்ந்துகொண்டிருந்த டோமெலா நியூவன்ஹைஸின் இயக்கத்திலிருந்து பிரிந்து வந்தவர்கள். கட்சியின் முதலெழுத்துகளை வைத்து ‘மாணவர்கள், பாதிரிகள், வக்கீல்கள் கட்சி’ என்று எதிரிகள் கிண்டல் செய்தார்கள். நல்ல கிண்டல்தான். கொஞ்சம் உண்மையும் இருந்தது. ஆனால் வக்கீல் என்பதை வசவாகச் சொல்கிறவர்கள் ஹோகர்ஹைஸ் வழக்கைப் பார்க்கவேண்டும்.

1895 டிசம்பரில் பிரிட்ஸும் என்ற கிராமத்தில் ஒரு விவசாயி வீட்டில் கொள்ளை. ஹோகர்ஹைஸ் சகோதரர்கள் மூன்று பேரைப் பிடித்தார்கள். ஏழைத் தொழிலாளிகள், அதோடு சோஷலிஸ்டுகள். தீர்ப்பு வந்தது, மூன்று பேருக்கும் பல ஆண்டுச் சிறை. செய்தவர்கள் வேறு ஆட்கள் என்ற பேச்சு வட்டாரம் முழுக்க இருந்தது. மறுவிசாரணை கேட்டு த்ரூல்ஸ்ட்ரா வருடக்கணக்கில் போராடினார். 1897இல் நாடாளுமன்ற உறுப்பினரான பிறகு இதை அவைக்குள்ளேயே கொண்டுபோனார். பக்கத்தில் பிரான்ஸில் ட்ரைஃபஸ் வழக்கு கொதித்துக்கொண்டிருந்த அதே வருடங்கள். ட்ரைஃபஸுக்கு ஸோலா கிடைத்தார், கடைசியில் விடுதலையும் கிடைத்தது. இவர்களுடைய தீர்ப்பு திருத்தப்படவே இல்லை. சட்டம் படித்த ஒருவர் சட்டத்தின் எல்லா வாசலையும் தட்டிப் பார்த்து ஒன்றும் திறக்காமல் நின்றார். 1918இன் ஆவேசத்தை வாய்க்கொழுப்பு என்று சொல்வதற்குமுன் இதையும் எண்ணிப் பார்க்கலாம்.

அப்படியும் அவர் வாசலை உடைக்கப் போகவில்லை. 1903இல் ரயில்வே தொழிலாளர் வேலைநிறுத்தம் முதல் சுற்றில் ஜெயித்தது. பிரதமர் ஆபிரகாம் கைப்பர் உடனே ரயில்வேயிலும் அரசுப் பணியிலும் வேலைநிறுத்தத்தைக் குற்றமாக்கும் சட்டங்களைக் கொண்டுவந்தார். தொழிலாளர்கள் அவற்றைக் கழுத்து நெரிக்கும் சட்டங்கள் என்றார்கள். ஏப்ரலில் பொது வேலைநிறுத்தம், படுதோல்வி. ரயில்வே தொழிலாளர்கள் கும்பல் கும்பலாக வேலையை இழந்தார்கள். அந்த இரண்டு சுற்றுக்கும் நடுவே, தான் ஆசிரியராக இருந்த ‘ஹெட் ஃபோல்க்’ நாளிதழில் ‘இனி என்ன?’ என்று ஒரு கட்டுரை எழுதி நிதானம் சொன்னவர் த்ரூல்ஸ்ட்ரா. அதற்காகத் துரோகி என்று வாங்கிக்கட்டிக்கொண்டார். 1909இல் டெவன்டர் மாநாட்டில் வைன்கோப் முதலான தீவிரக்காரர்களைக் கட்சி வெளியேற்றியது. கவிஞர் ஹெர்மன் கோர்ட்டரும் அவர்களோடு போனார். மறுபடியும் துரோகி. 1903இல் கோழை, 1909இல் சர்வாதிகாரி, 1918இல் அவசரக்குடுக்கை. ஒரே ஆளுக்கு இத்தனை வேஷமா?

கோர்ட்டர் பக்கம் நிற்பது இலக்கிய வாசகர்களுக்கு எளிது, எனக்குத் தெரியும். பெரிய கவிஞர், சமரசமில்லாதவர், எதையும் நிர்வகித்ததில்லை. தோற்ற புரட்சிக்காரர்களின் படத்தை முகப்பில் வைத்துக்கொண்டு, கமிட்டி கமிட்டியாக உட்கார்ந்து மசோதாவில் திருத்தம் எழுதினவரைப் பார்த்து உதட்டைச் சுழிக்கிற மனநிலையை நான் கொஞ்சமும் மதிக்கவில்லை. 1918 நவம்பர் 13 அன்று வைன்கோப் ஆம்ஸ்டர்டாமில் ஒரு கூட்டத்தைக் குதிரைப்படை முகாமுக்கு முன்னால் நடத்திக்கொண்டு போனார். துப்பாக்கி வெடித்தது, சிலர் செத்தார்கள். அதற்கும் பெயர் வைக்கப்படவில்லை.

த்ரூல்ஸ்ட்ராவை நான் முழுசாகக் காப்பாற்ற வரவில்லை. 12ஆம் தேதி அவர் பேசியபோது பின்னால் கட்சிக் குழுவின் தீர்மானம் கிடையாது. தொழிற்சங்கத் தலைமை தயாராக இல்லை. அடுத்த வாரத்துக்கு ஒரு திட்டம் இல்லை. யாரையும் கேட்காமல் எல்லோர் சார்பிலும் பேசுவது தலைமைப்பண்பு ஆகாது. இதைவிடப் பெரிய பிழை கட்சியே சேர்ந்து ஐந்து வருடத்துக்கு முன்னால் செய்தது. 1913 தேர்தலில் கட்சிக்கு நல்ல வெற்றி. தாராளவாதிகள் மூன்று அமைச்சர் பதவிகளைத் தர முன்வந்தார்கள். சிறப்பு மாநாடு கூட்டி, 375க்கு 320 என்று ஓட்டுப்போட்டு வேண்டாமென்றார்கள். கை சுத்தமாக இருந்தது. அதிகாரம் எப்படி இயங்குகிறது என்று உள்ளிருந்து தெரிந்துகொள்ளும் வாய்ப்பு போனது. 1918இல் நாட்டின் நூறு இடங்களில் 22ஐ வைத்திருந்த கட்சிக்கு ராணுவ அலுவலகத்துக்குள் ஒரு நண்பன்கூட இல்லை. ஸிம்மர்மன் கசியவிட்ட பயத்தை நிலவரம் என்று நம்பினார்கள்.

இதைப் பேசுங்கள், கேட்கிறேன். 14ஆம் தேதி அவர் பின்வாங்கியதையும், 18ஆம் தேதி ஹேக் நகரின் மாலிஃபெல்ட் திடலில் அரசி வில்ஹெல்மினாவின் வண்டியிலிருந்து குதிரைகளை அவிழ்த்துவிட்டுச் சிப்பாய்களே இழுத்த காட்சியையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து, ‘பார், மக்கள் யார் பக்கம்’ என்று சொல்வதுதான் பொறுக்கவில்லை. குதிரையை அவிழ்த்தது மக்கள் மனசில் தானாகப் பொங்கியதல்ல, முன்னேற்பாடு.

மக்கள் அவ்வளவு உறுதியாக அரசியின் பக்கம் இருந்தார்கள் என்றால், ரைஸ் டெ பேரன்ப்ரூக்கின் அரசாங்கம் ஏன் அந்த வாரமே ரொட்டிப் பங்கைக் கூட்டுவதாகவும் சிப்பாய்களைச் சீக்கிரம் வீட்டுக்கு அனுப்புவதாகவும் அறிவித்தது? எட்டு மணி நேர வேலைநாளைச் சர்வதேசத் தொழிலாளர் இயக்கம் 1889 முதல் கேட்டுக்கொண்டிருந்தது. டச்சு மேசை டிராயரில் அது முப்பது வருடம் கிடந்தது. 1919இல் சட்டமாகிவிட்டது, எட்டு மணி நேரம், வாரத்துக்கு 45 மணி.

இதற்கு ஒரு பதில் தயாராக இருக்கும். கொண்டுவந்தவர் கத்தோலிக்கர் ஆல்பர்ஸ, நவம்பருக்கு முன்பே தொழிலாளர் துறை அமைச்சரானவர், அவருக்கு இதில் உண்மையான அக்கறை இருந்தது, எப்படியும் வந்திருக்கும் என்பார்கள். அக்கறை இருந்தது, மறுக்கவில்லை. எல்லாவற்றையும் அந்த ஒரு வாரத்தின் கணக்கில் எழுதவும் மாட்டேன். அதே 1919இல் கிடைத்த பெண்கள் ஓட்டுரிமைக்கு முதல் மரியாதை அலெட்டா ஜேகப்ஸுக்குத்தான். 1883இல் வாக்காளர் பட்டியலில் தன் பெயரைச் சேர்க்கக் கேட்டவர் அவர். பதிலுக்கு 1887இல் அரசியல் சட்டத்திலேயே ‘ஆண்’ என்ற சொல்லைச் செருகினார்கள். அந்தச் சொல்லை எடுக்க முப்பது வருடத்துக்குமேல் ஆனது. நல்லெண்ணம் மட்டும் ஒரு சட்டத்தை எவ்வளவு வேகத்தில் நகர்த்தும் என்பதற்கு அதுவும் ஒரு அளவு.

1918இல் பயந்தவர்கள் 1919இல் கொடுத்தார்கள். பிறகு நெருக்கடி தணிந்தது, ஜெர்மன் புரட்சி நசுக்கப்பட்டது, ஹேக்கில் எல்லோரும் நன்றாகத் தூங்கினார்கள். ஆல்பர்ஸ அப்போதும் அதே துறையின் அமைச்சர், அதே அக்கறையோடு. அவருடைய காலத்திலேயே, 1922இல், வேலைவாரத்தை 45 மணியிலிருந்து 48 மணியாக ஏற்றினார்கள்.